இலைவெட்டி குடிவந்த வீடு

சாவித் துவாரத்துக்குள் சாவி நுழையவில்லை. குனிந்து பார்த்தாள். உள்ளே பச்சை இலைகளைச் சுருட்டித் திணித்து, மேலே பிசிறில்லாத ஒரு வட்டத்தால் மூடியிருந்தது. தையற்காரியான அவளுடைய கத்திரிக்கோலுக்கே அவ்வளவு சுத்தமான வெட்டு வராது.

தம்பி போனை எடுக்கவில்லை என்றுதான் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு அவனுடைய இந்தக் காட்டோரத்து வீட்டுக்கு ஓடிவந்தாள். அவன் தேனீ ஆராய்ச்சியாளன். வீட்டில் அவனுக்குக் 'காட்டுப்பய' என்றே பெயர். பின்கதவு திறந்தே கிடந்தது.

சமையலறையில் நசுங்கிய இலையின் வாடையும், அதற்கடியில் தேன் புளித்தது போன்ற நெடியும், சுவருக்குள்ளிருந்து வருகிறதா தன் தலைக்குள்ளிருந்தே வருகிறதா என்று பிடிபடாத மெல்லிய முரலலும் சேர்ந்துகொண்டு அவளை ஓரிடத்தில் நிற்கவிடவில்லை. குழாயின் வாயில் பச்சை. பிளக் ஓட்டைகளில் பச்சை. கெட்டிலின் மூக்கிலும்.

முன்னறையில் திறந்த ஜன்னலைப் பார்த்தபடி, முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான் தம்பி.

"டேய், என்னடா இது கூத்து? வீடு பூரா அடைச்சுக் கிடக்கு!"

இரண்டாம் முறை கத்திய பிறகுதான் பதில் வந்தது. "இலைவெட்டித் தேனீக்கா. இதுங்க கூட்டமா வாழாது. ஒவ்வொரு தாயும் தனியா ஒரு பொந்து தேடும். மகரந்தம் வச்சு, முட்டை போட்டு, இலையால மூடிட்டுப் போயிடும்." ஜலதோஷம் பிடித்தவனைப் போல மூக்கடைத்த குரல். "காட்டுல பட்டமரத்தை எல்லாம் வெட்டிட்டாங்க. பாவம், எங்க போகும்?"

"அதுக்கு உன் வீடுதான் கிடைச்சுதா? எந்திரி, போலாம்."

"கத்தாதக்கா. உள்ள தூங்குது."

"எங்க உள்ள?"

அவன் தோளில் கை வைத்தாள். முரலல் அவள் விரல்களில் ஏறியது.

சுவரிலிருந்து வரவில்லை அது.

அவன் திரும்பினான். ஒரு காதில் பச்சை வட்டம். மூக்கின் இரு துளைகளிலும்.

"வாடா!" கையைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை.

"ஒண்ணு மட்டும் இடம் கிடைக்காம சுத்திக்கிட்டே இருக்குக்கா."

ஜன்னல் வழியே வந்தது. வயிற்றுக்கடியில் வட்ட இலை. அவன் கீழுதட்டில் இறங்கியது.

அக்காவைப் பார்த்துக்கொண்டே, அதற்காக, மெல்ல வாயைத் திறந்தான்.