கறுப்பு சரியாக விழும் வரை

ஜன்னல் திரையின் சிவப்பு போயிருந்தது. ஜெனிட்டாதான் முதலில் பார்த்தாள்.

"ஏங்க, திரை வெளுத்துக் கெடக்கு. காலையில நல்லாத்தானே இருந்துச்சு?"

"உன் கண்ணு வெளுத்துக் கெடக்கு," என்றான் ஜோசியா, டிவிக்குப் பின்னாலிருந்து தலையைத் தூக்காமல்.

சர்ச்சிலிருந்து ஹப்சிகுடா ஃபிளாட்டுக்குத் திரும்பியதுமே ஆரம்பித்த வேலை. பழைய கேபிளைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டினான். திரைகளை இழுத்து மூடினான். சோதனைப் படங்களை ஓடவிட்டு, நிறத்தையும் வெளிச்சத்தையும் ரிமோட்டில் புள்ளி புள்ளியாக மாற்றிக்கொண்டிருந்தான். கடைக்காரன் வைத்துக்கொடுத்த செட்டிங்கிலேயே காலம் தள்ளுகிற ஜனங்களைக் கண்டாலே அவனுக்கு இளக்காரம். மச்சான் பிரசாத் வீட்டு டிவியில் செய்தி வாசிக்கிறவளுக்கு எப்போதும் மஞ்சள்காமாலை. அதைப் போய் 'சூப்பர் பிக்சர்' என்பான் அந்த ஜடம். அவன் தங்கை ஜெனிட்டாவுக்கு மட்டும் வேறு கண்ணா வாய்த்திருக்கும்?

இப்போது டிவியில் மழைக்காடு. இலை நுனியில் திரண்டு நின்ற துளியும், அதற்குள் தலைகீழாகத் தொங்கிய வானமும், ஈர மண்ணின் கரும்பழுப்பும் கையெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தெரிய, அடுக்களைக் குக்கரின் விசிலோ பல கம்பளிகளுக்கு அப்பாலிருந்து வருவதுபோல அமுங்கி, தேய்ந்து, பாதியில் நின்றது. டீயை வாயில் வைத்தான். மணமே இல்லை. நிறம் சாம்பல்.

"டீ கூடப் போடத் தெரியல."

ஜெனிட்டா சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து கைகளைத் தேய்த்துக்கொண்டாள். "நக்கோ, வேணாம், போதும்ங்க. பழையபடி வச்சிருங்க. என் முகமெல்லாம் மரத்துப் போற மாதிரி இருக்கு."

"கறுப்புக்கும் சாம்பலுக்கும் வித்தியாசம் தெரியாத குடும்பம். நீ எனக்குச் சொல்றியா?"

சொன்ன பிறகுதான் தன் கையைப் பார்த்தான். நகங்கள் தெரியவில்லை. ரேகைகள் இல்லை. மாவில் பிடித்து வைத்த கை போலிருந்தது. ரீசெட்டை அழுத்தினால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று தோன்றியது. ஆனால் இவள் பேச்சைக் கேட்டா? இன்னும் ஒரே ஒரு புள்ளி. மரங்களுக்கிடையே உள்ள இருட்டு மட்டும் கொஞ்சம் வெளிறியிருக்கிறது.

அழுத்தினான்.

கறுப்பு சரியாக விழுந்தது.

"பாத்தியா?" என்று திரும்பினான்.

சேலை இருந்தது. கழுத்துச் சிலுவை இருந்தது. கூந்தல் இருந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பு. மேடில்லை. பள்ளமில்லை. ஒரே கறுப்பு.

ரீசெட். ரிமோட்டைத் தடவினான். எழுத்துகள் இல்லை. பட்டன்கள் இல்லை. வழவழவென்று ஒரு கட்டை.

"ஜெனி."

அது அவன் பக்கம் திரும்பவில்லை. டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவனும் பார்த்தான்.

மழைக்காட்டில், இரண்டு மரங்களுக்கு நடுவே, நனைந்தபடி ஜெனிட்டா நின்றிருந்தாள். உதட்டோரத்தில் ஒரு சின்ன மச்சம். அவன் இதுவரை பார்த்தேயிராத மச்சம். தோலின் மாநிறம் அச்சு அசலாக இருந்தது. இரண்டு உள்ளங்கைகளாலும் டிவிக் கண்ணாடியை உள்ளிருந்து அறைந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு ரேகையும் தெரிந்தது.

சத்தம் மட்டும் வரவில்லை.

சோபாவில் இருந்தது மெல்ல நகர்ந்து, அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டது.