வாய்க்கூடை

சோமனூர் வெள்ளியங்கிரியைச் சாய்க்கிற அளவுக்குத் தெம்புள்ள உயிர் எதுவும் இந்தப் பூமியில் இன்னும் உருவாகவில்லை. யானை, நாகப்பாம்பு, வருமானவரி அதிகாரி எல்லாம் அடக்கம். சொன்னவர் வெள்ளியங்கிரியேதான். நாற்பது விசைத்தறிக்குச் சொந்தக்காரர் சொன்னால் அதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. மனைவி பாவாத்தாளின் சிறுநீரகத்தை வாங்கித் தன் வயிற்றுக்குள் வைத்துத் தைத்துக்கொண்ட நான்காம் மாதம் அதைச் சொன்னார்.

ஆகவே மதியம் மூன்று மணிக்கு வீட்டுக்குள் நனைந்த நூல் வாசம் அடித்தபோது அவர் பயப்படவில்லை. எரிச்சல்தான் பட்டார்.

"ஏம்புள்ள, ஈரத்துணி எதையாச்சும் மூலையில போட்டு வெச்சிருக்கறயா?"

"இல்லீங்க. காலைலதான் ஊட்டையே தொடச்சுபோட்டேன். எனக்கொண்ணும் வாசம் வரலீங்களே."

மூக்கே இல்லாத ஜென்மம் என்று நினைத்துக்கொண்டார்.

அது அவருக்குத் தெரிந்த வாசம். டயாலிசிஸ், ஆபரேஷன் என்று எட்டு மாதம் பூட்டிக் கிடந்த தறி ஷெட்டின் வாசம். கூரை ஒழுகி, தறியில் ஏற்றியிருந்த பாவு நூலெல்லாம் சாம்பலும் கறுப்புமாகப் பூசணம் பூத்திருந்தது. ஆயுத பூஜைக்குத் தறியில் கம்ப்ரஸர் காற்றடித்துப் பஞ்சுத் தூசியை விரட்டும் முதல் கை ஓனருடையதாக இருக்க வேண்டும் என்பது அந்த ஷெட்டின் வழக்கம். பதினோரு நாளைக்கு முன், அந்தப் பூஜையன்று, பாவாத்தாள் முகக்கவசத்தை எடுத்துக்கொண்டு ஷெட் வாசல் வரை ஓடி வந்தாள்.

"ஏனுங்க, புதுக் கிட்னிய ஒடம்பு தள்ளிவிடக் கூடாதுன்னு எதிர்ப்புச் சக்தியவே மாத்திர போட்டுக் கொறச்சிருக்குதுன்னு டாக்டரு சொன்னாருங்கல்லோ? பூசணம் உள்ள போனா ஒடம்பு தாங்காதுங்க. உங்களுக்காக வேண்டாம், என்ற கிட்னிக்காகக் கட்டிக்கோங்க."

"வாய்க்கூட கட்டறதுக்கு நானென்ன போரடிக்கற மாடா? ஊறுகாயில பூக்கறதுக்கெல்லாம் பயந்தா தறி ஓட்ட முடியுமா?"

ஃபிட்டர் ஷேக் பரீத் துண்டால் மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தார். "நீயுமா பரீது? அவுருப்பா அத!"

"நான் வெளிய நின்னுக்கறனுங்ண்ணா," என்று அவர் நகர்ந்துவிட்டார். கோழைகள்.

காற்றடித்தார். ஓட்டுச் சந்தில் இறங்கிய வெயிலில் சாம்பல் நிறப் புகை மெல்ல எழுந்து, கூரையைத் தொட்டு, அவசரமே இல்லாமல் அவர் தலைமேல் இறங்கியது. வெள்ளியங்கிரி வாய்விட்டுச் சிரித்தார். வாய் நன்றாகத் திறந்திருந்தது.

இப்போது கட்டிலுக்கு அடியில் முகர்ந்தார். திரைச்சீலையை முகர்ந்தார். எங்கும் ஒரே அளவு வாசம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தெருவுக்குப் போனார். டீக்கடையில் பால் பொங்கி வழிந்து அடுப்பில் தீய்ந்துகொண்டிருந்தது. அந்த நெடி வரவில்லை, நனைந்த நூல்தான் வந்தது. திரும்பும் வழியில் கன்னத்தில் ஈ உட்கார்ந்திருப்பதை எதிரே வந்தவர் சொல்லித்தான் தெரிந்தது. விரட்டக் கை வைத்தார். இடது கன்னம் யாருடையதோ போல இருந்தது.

அறைக்குள் வந்து மூச்சை அடக்கினார்.

வாசம் நின்றது.

விட்டார்.

வந்தது.

"ஏனுங்க, டீ போடட்டுங்களா?" சமையலறையிலிருந்து பாவாத்தாள்.

கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். கதவின் பின்புற ஆணியில் அந்த முகக்கவசம் பதினோரு நாளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளை. மடிப்புக் கலையாதது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டார். ஒரு காதில் மாட்டினார். மறு காதில் மாட்டினார். மூக்கின் மேல் அழுத்திவிட்டுக்கொண்டார், டாக்டர் காட்டிய மாதிரியே.

கண்ணாடியைப் பார்த்தார். வலது கண் அவரைப் பார்த்தது. இடது கண் வேறெங்கோ.

வெள்ளைத் துணியின் நடுவே கடுகளவு ஒரு கறுப்பு.

தட்டிவிட்டார். போகவில்லை. அது வெளியே இல்லை.

மூச்சு விட்டார். கடுகளவு மிளகளவாயிற்று.

அடக்கினார். எவ்வளவு நேரம் அடக்க முடியும்.

விட்டார்.