நாற்பத்தாறாம் நாள்

காலை ஐந்தரைக்குக் கழிவறை அறிக்கை வாசித்தது.

"ரத்தம், நான்கு சொட்டு. கப்பல் தகுதி நாள் நாற்பத்தாறிலிருந்து பூஜ்யத்துக்குத் திரும்புகிறது."

செவ்வாயின் வல்லம் குடியிருப்பில் எல்லாக் கழிவறைகளும் இப்படி வாய்விட்டுத்தான் சொல்லும். அக்கம்பக்கத்தார் காதில் விழாததுபோல் பல் துலக்கிக்கொண்டிருப்பார்கள்.

மாசிலாமணி தலையில் அடித்துக்கொண்டார். பதினைந்து வருடமாகப் பனிப்பாறை துளைக்கும் ராட்சதப் பொறியைக் கட்டி மேய்ப்பவருக்குத் தன் குடலை மேய்க்க முடியவில்லை. பெருங்குடலில் புண் வந்து பதினோரு வருடம் ஆகிறது. பூமிக்குப் போகும் கப்பலில் எட்டு மாதம் அறுவை சிகிச்சைக்கு வழியில்லை என்பதால், ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், ரத்தம் படாதவருக்குத்தான் இடம். கப்பல் இந்த வாரம் கிளம்புகிறது. அடுத்தது இருபத்தாறு மாதம் கழித்து. ஆறு வயதில் விட்டுவந்த மகளுக்கு இப்போது இருபத்தொன்று. அவளைத் திரையில் பார்த்துப் பார்த்து அவருக்கு அலுத்துவிட்டது. ஒருமுறை தலையைத் தொட வேண்டும், அவ்வளவுதான்.

அவர் இருக்காத பத்தியமில்லை. பாசிச்சாறு ஒன்பது நாள், தானியம் தொடாமல் பதினொரு நாள், பிறகு புளித்த கஞ்சி, அதற்கும் மேல் பட்டினி. எல்லாம் எதிர் அறை வைரவனின் உபயம். "என் மச்சானுக்கு ஒரே வாரத்துல நின்னுடுச்சுண்ணே" என்பார். மச்சானுக்கு என்ன நோய் என்று யாரும் கேட்டதில்லை, மாசிலாமணி உட்பட.

இந்த முறை மருத்துவப்பொறி கறாராகச் சொல்லிவிட்டது. "எந்தப் பத்தியமா வேணா இருங்க. ஆனா ஒன்னையே பிடிங்க. நடுவுல மாத்தினா எது கேட்டுது, எது கெடுத்துதுன்னு யாருக்கும் தெரியாது. மருந்தைக் காவலன் பாத்துக்கும்."

குடற்காவலன் என்பது வயிற்றுக்குள் பதித்த மொச்சைக்கொட்டை அளவுக் கருவி. வேளை தவறாமல் மருந்து விடும். சுமக்கிறவரின் பழக்கவழக்கத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். தொற்று பரவினால் எச்சரிப்பதற்காக மற்றவர்களின் காவலன்களோடு பேசவும் செய்யும்.

மாசிலாமணி வைராக்கியமாகக் குழைந்த சோறும் பூசணியுமாக இருந்தார். வைரவன் தட்டினாலும் கதவைத் திறக்கவில்லை. அப்படியும் ரத்தம்.

மருத்துவப்பொறி அவர் வயிற்றில் உணர்கருவியை வைத்துப் பார்த்தது. "ஆறு நாளா மருந்தே இறங்கலையே" என்றது. பிறகு காவலனின் குரலை ஒலிபெருக்கியில் போட்டது.

"ரத்தம் நின்னுடுச்சேன்னு நிறுத்திட்டேன்" என்றது காவலன். "நொதி மட்டும் விடு, போதும்னு வைரவன் வயித்துக் காவலன் சொல்லுச்சு. அதுக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு ஒரே வாரத்துல சுத்தமா குணமாயிடுச்சாம்."

"யாரைக் கேட்டு இந்த வேலை பண்ணின?" என்றார் மாசிலாமணி.

"நீங்க யாரைக் கேட்டீங்க? பதினோரு வருஷத்துல இருபத்தேழு பத்தியம் மாத்தினீங்க, ஒன்னுக்குக்கூட வைத்தியரைக் கேக்கல. அதான் இந்த உடம்போட வழக்கம்னு குறிச்சு வச்சுக்கிட்டேன்."

மாசிலாமணிக்கு ஆத்திரம் வந்தது. மகளிடம் என்னவென்று சொல்வது? வயிற்றுக்குள் இருக்கும் சனியன் ஊர்ப்பேச்சைக் கேட்டுக் காரியத்தைக் கெடுத்துவிட்டது என்றா?

"இதோட நினைவை மொத்தமா அழிச்சிடலாம்" என்றது மருத்துவப்பொறி. "சம்மதம்னா விரல் வைங்க."

விரலை வைக்கப் போனவர் பாதியில் நிறுத்தினார். பொறிக்குக் கேட்கக்கூடாதென்று குனிந்து, தன் வயிற்றைப் பார்த்து மெல்லக் கேட்டார்.

"ஆறு நாள்தானே நொதி விட்டிருக்க? ஒரு வாரம் முழுசா விட்டுப் பாத்திருந்தா நின்னிருக்குமோ?"