வேலிக்கு அந்தப் பக்கத்து அப்பிள் மரம்

பக்கத்து வீட்டு ஹெர் லிண்டர் மறுபடியும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அப்பா அப்பிள் கன்றுக்குக் குழி வெட்டத் தொடங்கிய நாளிலிருந்து அவருக்கு இதே வேலை.

"இண்டைக்கும் வந்திட்டார்," என்று தக்சாயினி மெல்லச் சொன்னாள்.

"பாக்காத மாதிரி நில்லு," என்றார் அப்பா யோகலிங்கம். சொல்லிவிட்டு அவரே நன்றாகத் திரும்பிப் பார்த்தார்.

டோர்ட்மண்டில் இந்த வீட்டை வாங்கி அவர்கள் குடிவந்தது போன பனிக்காலத்தில். தோட்டத்தில் நின்ற கிழட்டு அப்பிள் மரம் கூரையில் விழுந்துவிடும் என்று பயந்து, வந்த கையோடு அப்பா அதை வெட்டிவிட்டார். இப்போது அந்த இடத்தில் புது மரம் வைக்கப்போகிறார்கள். ஒரு மரத்துக்குத்தான் இடம் காணும். எந்த இனம் என்று தெரிவுசெய்வது தக்சாயினியின் பொறுப்பு. பத்தாவது பிறந்தநாளுக்கு அவள் கேட்டு வாங்கிய பரிசு அது.

அவள் எப்போதோ தெரிவுசெய்துவிட்டாள். பொஸ்கோப். கடித்தவுடன் கண்ணைச் சுருங்கவைக்கும் புளிப்பு அப்பிள். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுச் சாப்பிட்டால் மாங்காய் தோற்றுப்போகும். அம்மாவும் அவள் பக்கம்தான்.

"என்ன இனம் வைக்கப்போகிறீர்கள்?" என்று ஹெர் லிண்டர் ஜெர்மன் மொழியில் கேட்டார்.

"பொஸ்கோப்," என்றாள் தக்சாயினி.

அவர் முகம் விழுந்துபோனது. "வேறு எத்தனையோ நல்ல இனங்கள் இருக்கின்றனவே. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்," என்றார். ஏன் என்று அவள் கேட்பதற்குள் வீட்டுக்குள் போய்விட்டார்.

அப்பாவுக்கு அது போதும். "எங்கட வளவில என்ன வைக்கிறதெண்டு சொல்ல இவர் ஆர்? இதுக்குள்ள ஏதோ இருக்கு."

"எங்கட மரம் காய்ச்சிடுமெண்டு பொறாமையாக்கும்," என்றார் அம்மா ஜெயமலர். "இப்பிடிப் பாத்துக்கொண்டே நிண்டால் கண்ணூறு படாமல் என்ன செய்யும்?"

அன்றே அம்மா ஒரு மண் பூச்சாடியை எடுத்து, கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளி குத்தி, உருட்டிய கண்ணும் நீட்டிய நாக்கும் வரைந்து, குழிக்குப் பக்கத்தில் ஒரு தடியில் கவிழ்த்து வைத்தார். அந்த முகம் நேரே லிண்டர் வீட்டைப் பார்த்தது.

மறுநாள் ஹெர் லிண்டர் நாடா கொண்டுவந்து, தன் அப்பிள் மரத்திலிருந்து வேலிவரை அளந்தார். பிறகு கையை நீட்டிக் குழிவரைக்கும் குத்துமதிப்பாகக் கணக்குப் பார்த்தார்.

யன்னல் திரைக்குப் பின்னால் மூவரும் மூச்சுக் காட்டாமல் நின்றார்கள்.

"வழக்குப் போடப்போறார்," என்றார் அப்பா. "வேலியில இருந்து தள்ளித்தான் மரம் வைக்கோணும் எண்டு இஞ்ச சட்டம் இருக்கு. அதுதான் அளக்கிறார். இருக்கட்டும், சனிக்கிழமை பொஸ்கோப்தான் வாங்கிறம்."

தக்சாயினிக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. அவள் லிண்டர் வீட்டு மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏணி சாத்தியிருந்தது. கீழே கூடை இருந்தது. ஆனால் பழம் பறிக்கும் காலத்தில் அந்த மரத்தில் ஒரு அப்பிள்கூட இல்லை.

அடுத்த நாள் அப்பா வேலைக்குப் போனதும் அவள் வேலிக்குப் போனாள்.

"ஹெர் லிண்டர், நேற்று ஏன் அளந்தீர்கள்?"

அவர் முகம் சிவந்தது. "பார்த்துவிட்டீர்களா?"

"திரைக்குப் பின்னால் நின்றோம்."

"தெரியும். திரை ஆடியது." அவர் தன் மரத்தைத் தடவினார். "அப்பிள் பூ காயாக வேண்டுமென்றால் வேறொரு இன அப்பிளின் பூந்தாது வேண்டும். தேனீ கொண்டுவந்து சேர்க்கும். அதற்கு இரண்டு மரங்களும் கிட்ட இருக்க வேண்டும், அதுதான் அளந்தேன். இந்தப் பகுதியில் இருந்தவை இரண்டே மரங்கள். ஒன்று இது. மற்றது..."

தக்சாயினி குழியைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா வெட்டிய கிழட்டு மரம் நின்ற இடம் அது.

"பொஸ்கோப் வைத்தால் சரிவராதா?"

"உங்களுக்குக் காய்க்கும். என் மரத்தின் பூந்தாது உங்கள் மரத்துக்கு உதவும். பொஸ்கோப்பின் பூந்தாது என் மரத்துக்கு உதவாது. அதன் குணம் அப்படி."

"முதலே சொல்லியிருக்கலாமே."

"உங்கள் தோட்டத்தில் என்ன வைப்பதென்று சொல்ல நான் யார்?" என்றவர் பூச்சாடியைக் காட்டினார். "அதோடு அந்த ஆள் என்னைப் பார்க்கிற பார்வை சரியில்லை. நான் இப்போது சமையலறைக்குள் இருந்துதான் கோப்பி குடிக்கிறேன்."

அப்பாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. "ஊரில மாமரத்துக்கு ஆர் சோடி தேடினது? கதை விடுறார்."

"அப்ப கன்று விக்கிற இடத்தில கேப்பம், அப்பா."

சனிக்கிழமை கேட்டார்கள். கன்று விற்கும் பெண், ஹெர் லிண்டர் சொன்னதையே சொன்னார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "பிள்ளை, முடிவு உன்ரதான்," என்றார்.

தக்சாயினி பொஸ்கோப் கன்றைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம், "மற்ற மரத்துக்கும் உதவுகிற புளிப்பு அப்பிள் எது?" என்று கேட்டாள்.

அவர் சில பழங்களை வெட்டிக் கொடுத்தார். தக்சாயினி சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து, ஒவ்வொரு துண்டிலும் உப்பும் தூளும் தூவித் தின்றாள். அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவர ஓடினார்.

மணி வடிவத்தில் இருந்த குளொக்கன் அப்பிளுக்கு அவள் கண் சுருங்கியது. பொஸ்கோப் அளவுக்கு இல்லை. பொஸ்கோப்பை விட்டுவர அவளுக்குக் கவலையாகத்தான் இருந்தது. ஆனாலும், "இதைத் தாங்கோ," என்று தமிழிலேயே சொல்லிவிட்டாள். பிறகு ஜெர்மனில் சொன்னாள்.

கன்று பூப்பதற்குச் சில வருடங்கள் ஆகும். அதுவரை வசந்தத்தில் வேறொரு இன அப்பிளின் பூத்த கிளைகளை வாளித் தண்ணீரில் வைத்து லிண்டர் வீட்டு மரத்தில் கட்டினால் தேனீக்குப் போதும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தார். வசந்தத்தில் அப்பா அவரிடம் கிளைகள் வாங்கிவந்தார். வாளியை ஏணியில் ஏறிக் கட்டியதும் அப்பாதான்.

"வாளியைத் திருப்பித் தருவாரோ தெரியாது," என்று இறங்கும்போது முணுமுணுத்தார்.

அடுத்த இலையுதிர்காலத்தில் வேலிக்கு மேலால் ஒரு கூடை வந்தது. மேலே சிவந்த, பளபளப்பான அப்பிள்கள். ஹெர் லிண்டர் உள்ளே போகும்வரை அப்பா பொறுத்திருந்தார். பிறகு குனிந்து, ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்து, கூடையின் அடிவரைக்கும் பார்த்தார்.

அடியில் இருந்தவையும் நல்ல பழங்கள்தான்.