தகரத்துக்குக் கீழே ஒரு முழம்

சனிக்கிழமை விடிந்ததிலிருந்தே ஷைஜா யாரோடும் பேசவில்லை. தோசையைக்கூடக் கோபமாகத்தான் தின்றாள். பின்னே, கோபம் வராதா?

அவள் அம்மா பூங்கனி இருட்டோடு தோவாளைச் சந்தைக்குப் போய் உதிரிப்பூ வாங்கி வருவாள். ஊர் பஸ் நிறுத்தத்துப் புன்னை மர நிழலில் மத்தியானம் மூன்று மணி வரை கட்டி விற்பாள். மரத்துக்குப் பக்கத்தில் பஞ்சாயத்து மெம்பர் குமாரதாஸ் பச்சைப் பெயிண்ட் அடித்த தகரக் கொட்டகை போட்டுவிட்டார். இனி பூக்காரிகள் எல்லாரும் அதற்குள்தான் உட்கார வேண்டுமாம். நாளைக்கு மரத்தை வெட்டப்போகிறார்களாம்.

போன வாரம் அந்தக் கொட்டகையில் அம்மா மயங்கிச் சரிந்தாள். உள்ளே சுடுகிறது என்று சொன்னதற்கு, மெம்பர் ஒரு வெப்பமானியை மரநிழலிலும் கொட்டகையிலும் தொங்கவிட்டுப் பார்த்தார். இரண்டு இடத்திலும் ஏறக்குறைய முப்பத்து மூன்று டிகிரி.

"சூடெல்லாம் ஒண்ணுதான். இடம் மாற உங்களுக்கு மடி," என்றார்.

மடியாம்! சோம்பேறியாம்! விடிகாலை மூன்று மணிக்கே எழுகிற அம்மாவையா அப்படிச் சொல்வது? ஷைஜாவுக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

இன்றைக்குப் பஸ் நிறுத்தங்களில் சூடு அளக்க நாகர்கோவிலிலிருந்து அஞ்சலி அக்கா வந்திருந்தாள். அவளிடம் சூட்டை நிறமாகக் காட்டும் கேமரா இருந்தது. நீலம் என்றால் குளிர்ச்சி, சிவப்பு என்றால் சூடு. காலை ஏழு மணிக்கு வந்து நாலு படம் எடுத்தாள். எல்லாம் நீலம்தான் என்று எழுதிக்கொண்டு கிளம்பினாள். ஷைஜா ஸ்கூட்டருக்கு முன்னால் போய் நின்றாள்.

"பத்த வைக்காத அடுப்பத் தொட்டுப் பாத்துட்டு, சூடில்லன்னு எழுதப் போறியளா அக்கா? மத்தியானம் வந்து பாருங்க."

அஞ்சலிக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் ஒரு மணிக்குத் திரும்பி வந்தாள். மெம்பரும் வந்தார். கொட்டகையின் தரையைப் படம் எடுத்தாள், சுவரை எடுத்தாள். சுமாரான சூடுதான். மெம்பர் மீசைக்குள் சிரித்தார்.

ஷைஜா அம்மாவைப் பார்த்தாள். கூரைக்குக் கீழே இருந்தும் அம்மா முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். நிழலில் யாராவது முக்காடு போடுவார்களா?

"அக்கா, மேல பாருங்க. தகரத்தைப் பாருங்க."

கேமரா நிமிர்ந்தது. திரை முழுக்கச் சிவப்பு. அறுபத்தொரு டிகிரி! புன்னை இலைகளைப் பார்த்தால் முப்பத்து நாலுதான். வெப்பமானி காற்றின் சூட்டை மட்டும்தான் சொல்லும், காய்ந்த தகரம் நேராகத் தலையில் இறக்குகிற அனல் அதற்குத் தெரியாது என்றாள் அஞ்சலி.

கேமரா எதையாவது காட்டும் என்றார் மெம்பர்.

"அப்போ நீங்களே இங்க இருந்து ஒரு முழம் கெட்டுங்க மாமா," என்று ஷைஜா பிச்சிப்பூவையும் நாரையும் அவர் கையில் வைத்தாள்.

அத்தனை பூக்காரிகள் பார்க்கும்போது முடியாது என்று சொல்ல முடியுமா? உட்கார்ந்தார். நாலு பூ வைத்தால் மூன்று உதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் கைக்குட்டை தலைக்கு ஏறியது. அரை முழம்கூட ஆகவில்லை, எழுந்து போய்ப் புன்னை மரத்தடியில் பொத்தென்று உட்கார்ந்தார். அம்மாதான் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, மரம் வெட்டுகிறவருக்குப் போன் போட்டார்.

"நாளைக்கு வரண்டாம். மரம் நிக்கட்டும்."

அதற்குப் பிறகும் அவர் எழவில்லை. ஒரு பஸ் வந்து போனது. அப்போதும் எழவில்லை. ஷைஜா அந்த அரைகுறை முழத்தை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"என்ன மாமா, மிச்சத்தையும் கெட்டண்டாமா? எந்திரிக்க மடியா?"

அவர் ஷைஜாவைப் பார்த்தார். பிறகு அவள் அம்மாவைப் பார்த்தார்.

"எனக்குத்தான் மடி, மக்களே," என்றார்.

ஷைஜா அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.