முப்பத்தொரு டிசைனும் ஓர் அணிலும்

கம்ப்யூட்டர் திரையில் மயில் டிசைன் ஒன்று மெதுவாகத் திறந்தது. மணி மூன்றரை.

தாரா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வேண்டியது மயில் இல்லை. அணில்.

அந்த அணிலை அவள்தான் வரைந்தாள். முதலில் கணக்கு நோட்டில், கட்டம் கட்டமாக. டீச்சர் நோட்டைப் பிடுங்கிக்கொண்டார். பிறகு அப்பாவின் கம்ப்யூட்டரில், பதினோரு நாள். ஒரு கட்டத்துக்கு ஒரு கிளிக்.

அப்பா தணிகாசலம் பட்டுப் புடவைகளுக்கு டிசைன் போடுகிறவர். பிள்ளையார்பாளையத்தில் பல தறிகளில் அவருடைய மயிலும் யானையும் ஓடுகின்றன. அணிலைப் பார்த்ததும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கரைக்கு நல்லா இருக்கும்மா. எதிர் வீட்டுத் தறியில ஏத்திடலாம்."

அதற்கு அணில் முதலில் காகிதத்தில் வர வேண்டும். அதைப் பார்த்துச் சாமுவேல் மாமா அட்டைகளில் துளை போடுவார். தறிக்கு மேலே அட்டைகள் நகர நகர, கீழே புடவையில் அணில் வரும்.

சாமுவேல் மாமா இன்றைக்கு நான்கு மணிக்கு வருவார். ஐந்து மணி பஸ்ஸில் வாலாஜாபாத் திரும்பிவிடுவார். வெள்ளிக்கிழமை தறியில் புதுப் புடவைக்கான பாவு நூல் ஏறுகிறது. அதற்குள் அணில் அட்டை வராவிட்டால் பழைய மாங்காய் அட்டைதான்.

ஞாயிற்றுக்கிழமை வரை எல்லாம் சரியாக இருந்தது. அன்றைக்குத்தான் பெரியப்பா மகன் விக்ரம் ஒரு சிடியோடு வந்தான். கல்லூரியில் படிக்கிறவன்.

"இன்னும் பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டமா சித்தப்பா? மாத்திடறேன். மிஷின் பறக்கும் பாருங்க."

மாற்றினான். திரை பளிச்சென்று வந்தது. மிஷின் பறக்கவில்லை. எருமை மாதிரி படுத்துக்கொண்டது.

இப்போது விக்ரம் மேசைக்கு அடியில் இருந்தான்.

"ஒயரெல்லாம் சரியாத்தான் இருக்குது."

"அப்ப ஏன்டா நகர மாட்டேங்குது?" என்றார் அப்பா.

"புது சிஸ்டம் மெமரி நிறைய கேக்குது சித்தப்பா. பழைய மிஷின் மூச்சு வாங்குது."

"நீதானே பறக்கும்னே."

விக்ரம் மேசைக்கு அடியிலிருந்தே கையை நீட்டினான். மிஷினை நிறுத்தி மறுபடி போட்டான். நான்காவது தடவை.

தாரா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மயில் திறந்தது. பிறகு யானை. அன்னம். கோபுரம். ஒன்றின்மேல் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. அவள் விரல் விட்டு எண்ணினாள். விரல்கள் தீர்ந்துபோயின.

"அண்ணா, இதையெல்லாம் யார் திறக்கறாங்க?"

விக்ரம் நிமிர்ந்தான். தலை மேசையில் இடித்தது. "எதை?"

"மயிலை. யானையை. நாம ஒண்ணும் தொடல. அதுவா திறந்துக்கினே இருக்குது."

அப்பா லேசாக இருமினார்.

"அது நான் சொல்லி வச்சது."

இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

"தறியில உக்கார்றதுக்கு முன்னாடி எல்லாக் கலர் நூலையும் தாருல சுத்தி, பக்கத்துலயே வச்சுக்கணும். நடுவுல எழுந்து தேடக் கூடாது. அதே மாதிரி வேணும்னு மிஷின் வித்தவரைக் கேட்டேன். இந்த ஃபோல்டர்ல போட்டா, ஆன் பண்ணதும் எல்லாம் தயாரா நிக்கும்னாரு. டிசைன் முடிய முடிய அதுல போட்டுக்கினு வந்தேன்."

"எத்தினி இருக்குது சித்தப்பா?"

"முப்பத்தொண்ணு."

விக்ரம் தரையில் உட்கார்ந்துவிட்டான். "பழைய சிஸ்டம் எப்படித் தாங்குச்சு?"

"காபி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள திறந்துடும்."

"புதுசுக்கு அதோட வேலையே பெருசு. இதையும் சேர்த்துத் தூக்க முடியல. எல்லாத்தையும் அழிச்சிடுவோம்."

அப்பா திரைக்கு முன்னால் வந்து கையை விரித்து நின்றார். "தொடாதே. ஒரு வருஷ வேலை."

தாரா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அணிலை யாராவது அழிக்க வந்தால் அவளும் இப்படித்தான் நிற்பாள்.

"அப்பா, நெய்யறப்ப நாடாவுக்குள்ள எத்தினி தார் இருக்கும்?"

"ஒண்ணுதாம்மா."

நாடாதான் நூலை இழுத்துக்கொண்டு குறுக்கே ஓடும். தார் என்பது நூல் சுற்றிய சிறு குச்சி. நாடாவுக்குள் ஒரு தாருக்குத்தான் இடம். இது தாராவுக்கும் தெரியும்.

"மீதித் தாரெல்லாம்?"

"கூடையில."

"இதுக்கும் ஒரு கூடை வச்சிடலாம்பா. அழிக்க வேணாம். இடம் மாத்தினா போதும்."

அவள் புதிதாக ஒரு ஃபோல்டர் திறந்து KOODAI என்று பெயர் அடித்தாள். முதலில் மயிலை மட்டும் அதற்குள் நகர்த்தினாள். பிறகு அங்கிருந்து திறந்து காட்டினாள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தோகையை எண்ணினார்.

"முழுசா இருக்குது" என்றார். கையை இறக்கினார்.

யானையை நகர்த்தினாள். அன்னத்தை நகர்த்தினாள். ஒவ்வொன்றுக்கும் மிஷின் யோசித்தது. பதினான்காவதில் சாமுவேல் மாமா வந்து வாசலில் செருப்பை விட்டார். இருபதாவதில் அவர் கடிகாரத்தைப் பார்த்தார். முப்பத்தொன்று முடிந்தபோது மணி நாலு இருபத்தைந்து.

விக்ரம் மிஷினை நிறுத்திப் போட்டான்.

திரை கறுத்தது. பிறகு வெளுத்தது. ஒன்றும் திறக்கவில்லை. நாலு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

"செத்துப்போச்சா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. தயாராயிடுச்சு. நமக்காகக் காத்துக்கினு இருக்குது."

தாரா அணிலைத் தொட்டாள். கண் இமைப்பதற்குள் வந்து நின்றது.

பிரிண்டர் கிர்ர் கிர்ர் என்று கத்தியது. தாராவுக்கு அதைவிட நல்ல சத்தம் இருப்பதாகத் தோன்றவில்லை. முதலில் காது வந்தது. பிறகு மூக்கு.

"எலி நல்லா இருக்குதும்மா" என்றார் சாமுவேல் மாமா.

"கொஞ்சம் இருங்க மாமா."

முதுகு வந்தது. மூன்று கோடு. பிறகு புசுபுசுவென்று வால்.

"அட, அணிலு" என்றார் மாமா. காகிதத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மணி நாலு ஐம்பது.

"வாங்க, என் வண்டியில விட்டுடறேன்" என்றான் விக்ரம். "பறக்கும் பாருங்க."

"இதுவுமா?" என்றார் அப்பா.

வண்டி மூன்றாவது உதையில் கிளம்பியது. பஸ்ஸைப் பிடித்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை எதிர் வீட்டுத் தறி சடசடத்தது. தாரா பள்ளிப் பையை இறக்காமல் ஓடினாள். கரையில் ஓர் அரை அணில் முளைத்திருந்தது. வாலுக்கு இன்னும் நேரம் இருந்தது. வால் வரும்வரை அவள் நகரவில்லை.

மறுநாள் காலை அப்பா கம்ப்யூட்டரைப் போட்டார். தாரா பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். அப்பா எதையும் தொடவில்லை. திரையில் அதுவாக ஒன்று திறந்தது.

அணில்.

"அப்பா, எல்லாத்தையும் கூடையில போட்டோமே."

அப்பா திரையைத் துணியால் துடைத்தார்.

"நாடாவுல ஒண்ணு இருக்கணும் இல்லம்மா" என்றார்.