இன்னொரு சாவி

மழை... விட்டேனா பார் என்று கொட்டியது. பேருந்து நிறுத்தத்தின் கூரைக்குள் ஓடி வந்தவள் அவன் காலை மிதித்துவிட்டாள்.

"கண்ணு எங்கங்க இருக்கு?"

"நடுவழியில நின்னா அப்படித்தான்!"

முறைக்கத்தான் நினைத்தாள்... அந்தக் கண்கள் விடவில்லை. சிவந்து கலங்கியிருந்தும் சிரித்தன. கையிலிருந்த அட்டைப்பெட்டிக்குக் குடை பிடித்துவிட்டு, ஆள் தொப்பலாக நனைந்திருந்தான்.

"பெட்டிக்கு ஜலதோஷம் பிடிச்சிடுமா?"

"ஆபீஸ்ல இருந்த என் சாமான் எல்லாம் இதுலதாங்க. இன்னிக்கு வேலை போயிடுச்சு."

அவள் சிரிப்பு அடங்கியது. "ஏன்?"

"ஆஸ்பத்திரி மெஷினுக்கு புரோகிராம் எழுதறேன்... எழுதினேன். சோதனையில அலாரம் அடிக்கல. கம்பைலர் எழுதற மகராசி ஒருத்தி, தப்பு என்னோடதுதான்னு எழுதிக் கொடுத்துட்டா."

அந்த மகராசி அவளேதான். புரோகிராமை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தருவது அவளுடைய கம்பைலர். வேகத்துக்காக, ஓர் எண்ணை மெமரியிலிருந்து ஒருமுறை படித்து வைத்துக்கொள்ளும். வேறு யாரும் அதை மாற்றமாட்டார்கள் என்று நம்பிவிட்டால் திரும்பப் போய்ப் பார்க்காது.

"உங்க புரோகிராம்ல மெமரி... ஓடும்போது புதுசா கேட்டு வாங்கறதா?" பக்கத்தில் வந்து கேட்டாள்.

"ஆமா. வாங்கின இடத்தோட முகவரிய நாடி பாக்கற சென்சாருக்கும் கொடுத்திருக்கேன். ஒரே பெட்டி, ரெண்டு சாவி. நாடி மாறினா அது உள்ள எழுதும்."

இன்னொரு சாவி... அதை அவள் தேடவே இல்லை. புதிதாக வாங்கிய இடம்தானே, வேறு யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டாள். புது எண் உள்ளே கிடக்க, மெஷின் பழைய எண்ணையே நம்பிக்கொண்டிருந்தது; அதனால்தான் அலாரம் அடிக்கவில்லை.

சொன்னால் ஆபீஸில் தலைகாட்ட முடியாது. இந்தக் கண்களும் இனி சிரிக்காது. பேசாமல் இருந்தால் யாருக்குத் தெரியும்?

பேருந்து வந்தது. அவன் படியில் கால் வைத்தான்.

"நில்லுங்க! அந்த மகராசி நான்தான்... தப்பு என்னோட கம்பைலர்லதான்."

அவன் முகம் இருண்டது. "யாருக்கு எழுதிக் கொடுத்தீங்களோ, அவங்ககிட்ட சொல்லுங்க."

கூட்டம் அவனைத் தள்ளிக்கொண்டு ஏறியது; அவன் படியிலேயே கம்பியைப் பிடித்து நின்றான். கூட்டம் ஏறி முடிப்பதற்குள், தப்பு தன்னுடையதுதான் என்று ஈர விரல்களால் போனில் நாலு வரி எழுதினாள். தன் ஆபீஸுக்கும் அவன் ஆபீஸுக்கும் அனுப்பினாள்.

"அனுப்பிட்டேன். இப்ப போய் இதைச் சொல்ல அசிங்கமா இருக்கு... உங்களைப் பிடிச்சுப் போச்சு. அதான் உடனே சொல்ல வாய் வரல."

அவன் படியிலிருந்து குனிந்தான்.

"வேலை திரும்பக் கிடைக்குமான்னு தெரியல. கோவமும் போகல."

"போகாதுதான்..."

"பிடிச்சுப் போச்சுன்னு ஒண்ணு சொன்னீங்களே..." பேருந்து நகர்ந்தது. படியில் நின்று கத்தினான். "நாளைக்கு இங்க வந்து திரும்பச் சொல்லுங்க! ஒரு தடவை கேட்டதையே நம்பிக்கிட்டு உக்காந்திருக்க மாட்டேன்!"